மண்ணெண்ணெய் மோட்டாரும் பழைய வள்ளத்தின் மதிப்பும்

கற்பிட்டித் தீபகற்பத்திலிருந்து தெற்கே உடப்பு, சிலாபம் எனத் தொடரும் புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் பழைய வள்ளத்துக்கு விலை பேசுவது, பல பத்தாண்டுகளாகவே, அதன் பின்பலகையில் தொங்கும் மோட்டாருக்கும் அந்த மோட்டார் குடிக்கும் எண்ணெய்க்கும் சேர்த்து விலை பேசுவதாக இருந்துவந்துள்ளது. அதற்கு முந்திய காலத்தில் மரத்தின் உரமும் பலகைப் பொருத்துகளின் இறுக்கமுமே மதிப்பைத் தீர்மானித்தன. உடப்பில் வேரூன்றிய கரைவலைத் தொழிலில் வலை வளைக்கும் தோணி தண்டு வலித்தே செலுத்தப்பட்டதால், அங்கே தோணியின் மதிப்பு அதைத் தள்ளும் ஆட்பலத்தோடு பிணைந்திருந்தது.

1950களின் பிற்பகுதியில் அரசு கடன் திட்டங்களின் வழியே இயந்திரப் படகுகளைப் பரப்பத் தொடங்கியபோது முதன்மை பெற்றவை, உடலின் உள்ளேயே டீசல் இயந்திரம் பொருத்தப்பட்ட படகுகளாகும். அவற்றுக்குப் பாதுகாப்பான நங்கூரமிடமும் போதிய ஆழமும் வேண்டும். சுமார் 327 சதுர கிலோமீட்டர் பரப்பிருந்தும் பெரும்பகுதியில் ஓரிரு மீட்டர் ஆழமே கொண்ட புத்தளம் களப்புக்கும், சோளகக் காற்றின் காலத்தில் வள்ளத்தை மணலில் ஏற்றிவைக்க வேண்டிய திறந்த கடற்கரைக்கும், பின்பலகையில் கவ்வியிருந்து வேண்டும்போது மேலே தூக்கி மடக்கக்கூடிய வெளியிணைப்பு மோட்டாரே பொருந்தியது. 1960களின் இறுதியில் நோர்வே உதவியுடன் யாழ்ப்பாணத்துக் காரைநகரில் உருவான சீநோர் போன்ற முயற்சிகளால் கண்ணாடி நார் உடல் கொண்ட பைபர் வள்ளங்கள் பரவியபின், அவ்வள்ளமும் வெளியிணைப்பு மோட்டாரும் பிரிக்க முடியாத இணையாயின. ஓலே எவின்ரூட் 1909இல் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்த இவ்வகை மோட்டார், 1960இல் யமஹாவும் 1965இல் சுசுகியும் களமிறங்கிய பிறகு ஆசியக் கரைகளில் பெரும்பாலும் ஜப்பானியப் பொருளாயிற்று.

இங்கே நிலைபெற்றது மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் என்பதே இவ்வரலாற்றின் தனித்தன்மை. மேலை நாட்டு உல்லாசப் படகோட்டிகள் கண்டறியாத இந்த வகை, இலங்கையிலும் கேரளத்திலும் அன்றாடப் பொருளானதற்கு, ஏழைகளின் விளக்குக்கும் அடுப்புக்கும் அரசு மலிவாக வழங்கிய எரிபொருளே காரணம். மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாவதில்லை. ஆகவே பெற்றோலில் கிளப்பி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும். நிறுத்துவதற்குச் சற்று முன்னர் மீண்டும் பெற்றோலுக்குத் திருப்பாவிட்டால், மறுநாள் விடியலில் எவ்வளவு கயிறு இழுத்தாலும் மோட்டார் எழும்பாது. மேலும், மிகுந்த அழுத்தத்தில் மண்ணெண்ணெய் நேரந்தவறி வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்குமாதலால், இம்மோட்டார்களின் சிலிண்டர் தலை அழுத்தம் குறையும்படி அமைக்கப்படுகிறது.

இந்த அமைப்பை அறியாதவர் பழைய மோட்டாரை மதிப்பிடுவதில் தவறுவது உறுதி. அழுத்தமானியைப் பொருத்திப் பார்த்தால், அதே குதிரைவலுக் கொண்ட பெற்றோல் மோட்டாரைவிடக் குறைவான அளவே காட்டும். அதைத் தேய்மானம் என்று கொண்டு நல்ல இயந்திரத்தை ஒதுக்கிவிடக் கூடும். இரண்டு சிலிண்டர்களும் ஏறத்தாழச் சமமாகக் காட்டுகின்றனவா என்பதே அங்கு கேட்கவேண்டிய கேள்வி. விற்பவர் முன்கூட்டியே சூடாக்கி வைத்திருக்கவில்லை என்பதைத் தலைப்பகுதியில் கைவைத்துப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, குளிர்ந்த நிலையிலிருந்தே கிளப்பச் சொல்வது அதைவிடச் சிறந்த சோதனை. அடுத்து, கீழ்ப்பெட்டியின் அடித்திருகாணியைத் தளர்த்திக் கியர் எண்ணெயைச் சில துளிகள் வடியவிட வேண்டும். அது பால்போல் வெளுத்திருந்தால், விசிறிக்குப் பின்னால் தண்டில் சுற்றிக்கொண்ட தங்கூசி நூல் காப்பு வளையத்தை அறுத்து, உள்ளே உப்புநீரை விட்டிருக்க வாய்ப்புண்டு. வறண்ட மாதங்களில் களப்பின் தென்பகுதி கடலைவிட உப்பேறிப்போவதும், அதன் அடியில் கடற்புல் அடர்ந்து வளர்வதும் குளிர்நீர் வழிகளுக்குப் பகை. ஓடும்போது பக்கத் துளையிலிருந்து பீறிடும் நீர் மெலிந்தால் அடைப்பை ஐயுற வேண்டும்.

வள்ளத்தின் உடலில் முதலில் பார்க்கவேண்டியது பின்பலகைதான். கண்ணாடி நார்ப் பூச்சுக்குள் பொதிந்த பலகை, மோட்டார் ஆணித்துளைகள் வழியே நீர்புகுந்து வெளியே தெரியாமல் உளுத்துப்போகும். மரப்பிடியால் தட்டும்போது கணீரென்ற ஒலி மந்தமாக மாறும் இடமும், தூக்கிய மோட்டாரின் காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது பலகையோடு சேர்ந்து அசையும் இடமும் அந்த உளுப்பைக் காட்டிக்கொடுக்கும். மோட்டாரை மாற்றிக்கொள்ளலாம், உளுத்த பின்பலகையில் புதிய மோட்டாரைப் பூட்டினால் இரண்டையும் இழக்க நேரிடும்.

ஜோன்சன், எவின்ரூட் போன்ற அமெரிக்க மோட்டார் பூட்டிய வள்ளம் விலைக்கு வருமானால் கணக்கே வேறு. அவ்விரண்டையும் தயாரித்த நிறுவனம் 2000 டிசம்பரில் நொடித்தது. ஜோன்சன் என்ற பெயர் பின்னர் கைவிடப்பட்டது. எவின்ரூட் உற்பத்தியும் 2020இல் நின்றது. இயந்திரம் எவ்வளவு உறுதியாயினும், குளிர்நீர் இறைக்கும் ஒரு ரப்பர் விசிறிக்காகத் தொழில் நாட்களை இழக்கும் மீனவருக்கு அதன் மதிப்பு சரிந்துவிடுகிறது.

2022 ஆகஸ்டில் இந்த மதிப்பீட்டு மரபின் அடித்தளமே ஆட்டங்கண்டது. லீற்றர் 87 ரூபாவாக இருந்த மண்ணெண்ணெய் ஒரே நாளில் 340 ரூபாவாயிற்று. அப்போது பெற்றோல் 450 ரூபா. மீனவர் தலைமுறையாகத் தாங்கிவந்த சிரமங்களுக்கு, அதாவது இரு எண்ணெய்களைச் சுமப்பதற்கும், கரி படிந்த பிளக்குகளை ஓயாமல் துடைப்பதற்கும் ஈடாக இருந்த விலை இடைவெளி, இவ்வாறு பெரிதும் சுருங்கியது. குறைந்த அழுத்தத்துக்கென அமைந்த அதே மோட்டாரைப் பெற்றோலிலேயே ஓட்டலாம் என்றாலும், அந்த எரிபொருளின் முழு வலுவை அது வெளிப்படுத்துவதில்லை. எனவே வாங்குபவர் அப்போது சிலிண்டர் தலையை மாற்றும் செலவையும் விலையில் கழித்தே பேச வேண்டியிருந்தது.