அந்தரே

அந்தரே, 18ஆம் நூற்றாண்டில் கண்டி அரசவையில் இருந்ததாகச் சிங்கள மரபு போற்றும் விகடகவி. ஊர், மாத்தறை மாவட்டத்துத் திக்வெல்லைப் பகுதி. அவரைப் பற்றிய கதைகளில் பல கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனின் (ஆட்சி 1747–1782) அரண்மனையில் நடக்கின்றன. தமிழருக்குத் தெனாலிராமன் எப்படியோ, சிங்களவருக்கு அந்தரே அப்படி. சிறுவர் சிரிக்கும் இக்கதைகளில் அதிகாரம், ஆசை, பிறர் சொல்லை அப்படியே நம்பும் மனம் ஆகியவை பற்றிய கூர்மையான அவதானிப்பு இருக்கிறது.

காலமும் அவையும்

1739இல் மதுரை நாயக்கர் உறவினர் கண்டி அரியணை ஏறினர். அவ்வழியில் இரண்டாமவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன். 1753இல் சீயத்திலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்து, நின்றுபோயிருந்த உபசம்பதா (பௌத்தத் துறவியருக்கான உயர் தீட்சை) மரபை மீட்டான். 1765இல் ஒல்லாந்தர் படை கண்டி நகருக்குள் புகுந்தது. மறு ஆண்டு உடன்படிக்கையில் கரையோரம் முழுவதும் அவர்கள் கைக்குப் போயிற்று. இந்நெருக்கடிக்கு நடுவிலும் அவையில் கவிதைக்கு மதிப்பு குறையவில்லை. அடுத்து ஆண்ட ராஜாதி ராஜசிங்கன் (1782–1798) தானே கவிஞன். 'அசதிச தா கவ' அவன் படைப்பு. குலமும் செல்வமும் இல்லாத ஒருவனுக்கும் நாவன்மை இடம் தேடித் தரக்கூடிய அவை அது.

புகழ்பெற்ற கதைகள்

அரண்மனை முற்றத்தில் பாயில் சர்க்கரை காய்கிறது. "இது என்ன?" என்று அந்தரே கேட்க, "மணல்" என்கிறான் அரசன். சற்று நேரத்தில் அந்தரேயின் மகன், தாய் இறந்துவிட்டாள் என்று அலறிக்கொண்டு ஓடி வருகிறான். "இனி நம் வாயில் மண்தான், மகனே!" என்று கதறியபடி தந்தையும் மகனும் பாயில் விழுந்து, சர்க்கரையை அள்ளி அள்ளி வாயில் போட்டுக்கொள்கிறார்கள். மணல் என்று சொன்ன அரசன் அதைத் தடுக்க வழியில்லை.

இன்னொரு கதையில் அரசி, அந்தரேயின் மனைவியைப் பார்க்க விரும்புகிறாள். "அவளுக்குக் காது கேளாது, உரக்கப் பேச வேண்டும்" என்று அரசியிடம் சொல்கிறார் அந்தரே. வீட்டுக்குப் போய் மனைவியிடம் அரசியைப் பற்றியும் அதையே சொல்கிறார். இருவரும் சந்தித்ததும் அரண்மனையே அதிரக் கத்துகிறார்கள்.

கவித்திறம்

அந்தரே பெயரால் வழங்கும் பாடல்கள், சிங்கள நாட்டார் மரபின் நாலடிக் கவிகள். நான்கு அடிகளும் ஒரே ஒலியில் முடியும். தமிழ் யாப்பில் இதை இயைபு என்போம். நின்ற இடத்தில் பாடுவதற்கும், ஒருமுறை கேட்டு மனத்தில் இருத்துவதற்கும் இவ்வடிவம் ஏற்றது. அதனால் ஏட்டின் துணையின்றியே இப்பாடல்கள் ஊர் ஊராகப் பரவின. காளமேகத்தின் பெயரில் தமிழில் வழங்கும் தனிப்பாடல்களைப் போல, இங்கும் பாட்டையும் அது பிறந்த சூழலைச் சொல்லும் கதையையும் பிரிக்க முடியாது.

உள்ளடக்கம்

அந்தரே அரசனை எதிர்த்து நிற்பதில்லை. அரசன் சொன்ன சொல்லை அப்படியே ஏற்று, அதன்படி நடந்து காட்டுகிறார். சர்க்கரைக் கதையில் பொய் சொன்னவனே தன் பொய்க்குக் கட்டுப்படுகிறான். காது கேளாமைக் கதையில் அரசியும் எளிய வீட்டுப் பெண்ணும் ஒரே விதமாக ஏமாறுகிறார்கள். பட்டமும் பதவியும் எவரையும் அறியாமையிலிருந்து காப்பதில்லை என்பதை உபதேசம் எதுவும் இல்லாமல் இக்கதை உணர்த்துகிறது. நகைச்சுவை எளியவனுக்குக் கேடயமாகவும், வலியவனுக்குக் கண்ணாடியாகவும் இங்கே அமைகிறது.

தாக்கம்

அந்தரே கதைகள் சிறுவர் நூல்களிலும் மேடையிலும் தொடர்ந்து இடம்பெற்று வருகின்றன. இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகளும் இவற்றைக் கேட்டு வளர்கிறார்கள். திக்வெல்லை அருகே அவருடையது எனக் காட்டப்படும் கல்லறையும் உண்டு. கண்டி அரசு 1815இல் ஆங்கிலேயர் வசமானது. அதன் அரசவைப் பெயர்களுள், இலங்கையின் இரு மொழி வீடுகளிலும் இன்றுவரை அன்போடு சொல்லப்படும் பெயர்களில் ஒன்று அந்தரே.