அரைப்பேர்

பட்டிப்பொல ஸ்டேஷன்ல கோச்சியை விட்டு இறங்கினால் முதலில் முகத்தில் அடிப்பது குளிர். அடுத்தது, கடல் மட்டத்திலிருந்து 6226 அடி என்ற உயரம். இலங்கையின் ஆக உயரமான ரயில் நிலையம் இதுதான். இறங்குகிறவர்களில் பாதிப்பேர் போட்டோ எடுத்துவிட்டு நேரே ஹோட்டன் சமவெளிக்குப் போகிறார்கள். நாங்களும் அப்படித்தான் போனோம். போகிற வழியில் எங்களில் ஒருவர் கேட்டார்: "யாரு இந்த ஹோட்டன்?"

தேடிப் பார்த்தோம். ராபர்ட் வில்மட் ஹோட்டன், 1831 முதல் 1837 வரை இலங்கையின் ஆளுநர். சிங்களத்தில் 'மஹ எலிய' என்று ஏற்கெனவே பேர் இருந்த வெளிக்கு அவர் பேரை வைத்தார்கள். இலங்கைக்கு வருவதற்கு முன் லண்டனில் காலனி அமைச்சில் இருந்தபோது, பிரிட்டனின் ஏழைகளைக் கப்பலேற்றி கனடா போன்ற இடங்களில் குடியேற்றும் திட்டத்துக்காகப் பாடுபட்டவர் அவர். இங்கே அவர் ஆட்சியில்தான், 1832இல், ராஜகாரிய எனும் கட்டாய ஊழியம் ஒழிந்தது. ஆனால் கண்டிக் கிராமத்து மக்கள் தங்கள் வயலை விட்டுக் கோப்பித் தோட்டத்துக்குக் கூலிக்கு வரவில்லை. தோட்டம் வைத்தவர்கள் தென்னிந்தியாவைப் பார்த்தார்கள். நம்ம கதை அங்கே தொடங்குகிறது.

காலனி ஆட்சி என்றதும் பங்களாவும் பாலமும்தான் ஞாபகம் வரும். எங்களுக்கு அது பேர் வைக்கிற அதிகாரமாகவும் தெரிகிறது. டன்சினேன், ஹோலிரூட், எடின்பரோ என்று ஸ்கொட்லாந்தின் பேர்களை மலைக்கு வைத்தார்கள். நிலத்தோடு அது நிற்கவில்லை, ஆளுக்கும் வந்தது.

தோட்டத்தில் 'பேர்' என்றால் என்ன? வெளியூர் நண்பர்களிடம் இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். செக்ரோலில் ஒரு நாள் வேலை பதிவதுதான் பேர். "இன்னைக்கு பேரு விழுந்துச்சா?" என்றால், ஒரு நாள் சம்பளம் கிடைத்ததா என்று அர்த்தம். தோட்டம் வைத்த கிலோவுக்குக் கொழுந்து குறைந்தால் அரைப்பேர். எங்கள் அம்மாக்கள் மழையில் நனைந்து வந்து, கூடையை இறக்கி வைத்துவிட்டு, "அரைப்பேருதான் போட்டாங்க" என்று சொல்வதைக் கேட்டே வளர்ந்தோம். ஒரு மனுஷியின் பேரைப் பாதியாக வெட்டலாம் என்பது எங்களுக்குச் சின்ன வயதில் விசித்திரமாகவே தோன்றவில்லை.

வெள்ளைக்காரத் துரைமார் போய்விட்டார்கள். 1972, 1975 நிலச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992இல் நிர்வாகம் தனியார் கம்பெனிகளிடம் போனது. முதலாளி மாறினார், 'துரை' என்ற சொல் மாறவில்லை. அரைப்பேரும் மாறவில்லை.

இனி ஒரு மக்கள் கூட்டத்தின் பேரைப் பாருங்கள். 1911 குடிசன மதிப்பீட்டில் பிரிட்டிஷ் அரசு 'இந்தியத் தமிழர்' என்று நம்மைத் தனியாக எண்ணத் தொடங்கியது. கணக்குக்காகப் போட்ட அந்தக் கோட்டை, சுதந்திர இலங்கை 1948இல் குடியுரிமைச் சட்டமாக்கியது. இங்கேயே பிறந்தவர்களும் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம்: 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்க்கலாம். இந்தக் கணக்கிலும் 'பேர்' என்ற சொல் வருகிறது, ஆனால் ஒருவருடைய பேர்கூட அதில் இல்லை. தலைமன்னாருக்குச் சனத்தை ஏற்றிப்போன ரயிலுக்கு நம்ம ஆட்கள் 'அழுகைக் கோச்சி' என்று பேர் வைத்தார்கள்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். 'கோச்சி'யும் வெள்ளைக்காரன் கொண்டுவந்த வண்டியோடு வந்த சொல்தான். ஆனால் அதோடு 'அழுகை'யைச் சேர்த்து, எந்த அரசுப் பதிவேட்டிலும் இல்லாத ஒரு வரலாற்றை நம்ம மக்கள் பதிந்துவிட்டார்கள். அதனால், காலனியச் சொல்லையெல்லாம் துடைத்தெறிவோம் என்று நாங்கள் சொல்லவில்லை. அந்தச் சொல் இன்று யார் கையில் இருக்கிறது, அதை வைத்து யாரை அளக்கிறார்கள் என்றுதான் கேட்கிறோம்.

'மலையகத் தமிழர்' நாமே நமக்கு வைத்துக்கொண்ட பேர். 2023இல் இருநூறு வருஷ நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அந்தப் பேரோடுதான் நடந்தார்கள். குடியுரிமைப் பிரச்சினையும் 2003 சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. அப்போ முழுப்பேர் கிடைத்துவிட்டதா?

லயத்தில் இருப்பவர்கள் ஒரு விண்ணப்பத்தில் விலாசம் எழுதிப் பாருங்கள். தோட்டத்தின் பேர், டிவிசனின் பேர், ஊர். அதற்கு மேல் எழுத, பலருக்குச் சொந்தமாக ஒரு வீட்டு இலக்கம் இல்லை. கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய், அங்கிருந்து கைமாறி வரும். நேர்முகப் பரீட்சைக்கான கடிதம் பரீட்சை முடிந்த பிறகு கைக்கு வந்த கதை எங்கள் நண்பர்களிடையே ஒன்றிரண்டு இல்லை. நிலமும் வீடும் சொந்தமாகாதவரை விலாசமும் சொந்தமாகாது.

உங்கள் தோட்டத்துக்கு ஆங்கிலப் பேர் ஒன்று இருக்கும். அம்மாச்சியும் தாத்தாவும் கூப்பிடுகிற தமிழ்ப் பேர் ஒன்றும் இருக்கும். இன்றைக்கு வீட்டில் அதைக் கேட்டு எழுதி வையுங்கள். செக்ரோலில் அது வராது, நாம்தான் எழுத வேண்டும்.