மின்சுற்றும் மின்காந்தப் புலமும் இணைந்த கணக்கீடு

மின்னல், சுவிட்ச் இயக்கம் போன்றவற்றால் கணநேரத்தில் எழுந்து அடங்கும் மின் மாற்றங்களை அறிய, சுற்றுச் சமன்பாடுகளையும் மேக்ஸ்வெல் சமன்பாடுகளையும் கணினியில் ஒருசேரத் தீர்ப்பது சுற்று–புல இணைப்புக் கணக்கீடு. புலத்தை நேரப்படிகளில் தீர்க்கும் முறையைக் கேன் யீ 1966இல் தந்தார். மின்வலையமைப்புகளின் கணநேர மாற்றங்களுக்கான முறையை ஹெர்மன் டாம்மெல் 1969இல் வெளியிட்டார்.

குமரி மாவட்டத்து முப்பந்தல் காற்றாலைகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஒரே மின்னலில் பின்தொடரும் தாக்குகளின் மின்னோட்டம் உச்சத்தை எட்ட 0.25 மைக்ரோநொடி ஆகும் எனத் தர அளவுகள் கொள்கின்றன. அதற்குள் ஒளி செல்லும் தொலைவு 75 மீட்டர். கோபுரமும் அந்த உயரம் என்றால், உச்சியில் மின்னோட்டம் உச்சம் தொடும்போதுதான் அடிவாரத்துக்கு அது வந்துசேரத் தொடங்கும். அத்தகைய கோபுரத்தை ஒற்றைச் சுற்றுறுப்பாகக் கொள்வது பிழை. எர்த் கம்பியும் அப்படித்தான். பாறை நிலத்தில் மின்னோட்டம் எளிதில் பரவாது. எனவே கோபுரத்தையும் எர்த் கம்பியையும் புலமாகவே கணக்கிட வேண்டும். ஆனால் மின்னழுத்தம் ஏறினால் மட்டும் கடத்தும் மின்னெழுச்சித் தடுப்பானைச் சுற்றாக எழுதுவதே எளிது.

இரண்டும் சந்திக்கும் முனையில், புலம் மின்னழுத்தத்தைத் தர, சுற்று மின்னோட்டத்தைத் திருப்பித் தருகிறது. 1 மீட்டர் கனக்கட்டங்களில் யீயின் முறைக்கு நேரப்படி சுமார் 1.9 நானோநொடியைத் தாண்டக் கூடாது. சிக்கல் பெரும்பாலும் மின்னழுத்தமும் மின்னோட்டமும் கைமாறும் இடத்தில்தான். சுற்றின் பதில் ஒரு படி பிந்தினால், ஒரு பக்கம் கொடுத்த ஆற்றலும் மறுபக்கம் பெற்றதும் பொருந்தாமல், இல்லாத அலைவுகள் பெருகக்கூடும். ஒரே படியில் இரண்டையும் சேர்த்துத் தீர்ப்பதே நம்பகமானது. சுற்று தொடும் கட்டங்களில் மட்டும் அதைச் செய்தால் போதும் என்பதால் செலவும் பெரிதல்ல.

மெதுவான மாற்றங்களிலும் இணைப்பு தேவைப்படும். 1990களில் நிறுவப்பட்ட காற்றாலைகள் பலவற்றில் இருப்பவை மின்தேக்கிகளின் துணையோடு இயங்கும் தூண்டல் மின்னியற்றிகள். மின்வலையமைப்பு திடீரென அறுந்தால், அந்த மின்தேக்கிகளே மின்னியற்றியைக் கிளர்த்தி மின்னழுத்தத்தை உயர்த்தும். ஏற்றத்தைத் தடுத்து நிறுத்துவது இரும்பின் காந்தத் தெவிட்டுநிலை. அதைப் புலக் கணக்கு காட்டும். மின்தூண்டல் எண்ணை மாறிலியாக வைத்த சுற்றிலோ மின்னழுத்தம் எல்லையின்றி ஏறுவதாகவே விடை வரும்.