டேன் (ஆங்கில வினைச்சொல்)

டேன் என்பது விலங்குத் தோலை அழுகாதவாறு பதனிடுதலைக் குறிக்கும் ஆங்கில வினைச்சொல். தோல் பதனிடுதலே இதன் மூத்த பொருள். வெயில் பட்டு மேனி கருத்தல் என்ற பொருள் 16ஆம் நூற்றாண்டிலும், பேச்சுவழக்கில் நையப் புடைத்தல் என்ற பொருள் 17ஆம் நூற்றாண்டிலும் சேர்ந்தன. தமிழில் 'தோலை உரித்துவிடுவேன்' என மிரட்டுவதற்கு ஒப்பானது இம்மூன்றாம் பொருள்.

இச்சொல்லின் வேர் மரப்பட்டையில் உள்ளது. நொறுக்கிய ஓக் மரப்பட்டையை இடைக்கால இலத்தீனில் 'தன்னும்' என்றனர். அதிலிருந்து பிறந்த 'தன்னாரே' என்னும் வினையே பழைய ஆங்கிலத்தில் 'தன்னியன்' ஆயிற்று. பின்னர் பழைய பிரெஞ்சு வடிவமும் அதற்கு வலுவூட்டியது. ஓக் மரத்தைப் பிரெத்தோன் மொழி 'தன்' என்று அழைப்பதால் மூலச்சொல் கெல்ட்டிய மொழிகளுக்கு உரியதெனக் கொள்வதே பொருத்தமாகும். படிகாரம் இட்டு வெள்ளைத் தோலாகப் பதனிடுவதற்கு ஆங்கிலத்தில் 'டா' என்ற வேறொரு வினை வழங்கியமையால், டேன் என்பது தொடக்கத்தில் பட்டைவழிப் பதனிடுதலையே சுட்டியது என்பது தெளிவாகிறது. சுண்ணாம்பு நீரில் ஊறவைத்து மயிர் நீக்கிய தோலைக் குழியில் பட்டைத்தூளுடன் அடுக்கடுக்காக இட்டு ஓராண்டுக்கும் மேலாக ஊறப்போடுவது இங்கிலாந்தின் பழைய முறை. பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலின் புரத இழைகளைப் பிணைத்து அழுகலைத் தடுக்கிறது. அப்பொருளுக்கு டானின் என்னும் பெயர் இவ்வேரிலிருந்தே வந்தது.

ஓக் மரத்தின் இடத்தைத் தமிழகத்தில் ஆவாரம்பட்டை வகித்தது. அதனுடன் கடுக்காயும் பயன்பட்டது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பொறியாளர் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோமிய உப்பு முறையை அறிமுகப்படுத்தினார். பட்டை இல்லாத அம்முறைக்கும் பழைய வினையே நிலைத்தது.

மும்பையில் இச்சொல் தாராவியின் வரலாற்றோடு பிணைந்துள்ளது. அங்கு முதல் டேனரி (தோல் பதனிடும் ஆலை) 1887இல் ஏற்பட்டதாகக் குறிக்கப்படுகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து குடியேறிய தமிழ் முஸ்லிம்களும் ஆதிதிராவிடரும் இத்தொழிலை வளர்த்தனர். சுண்ணாம்பிலும் துவர்நீரிலும் கைகால் புண்ணாக உழைத்த அம்மக்களின் பங்கு இந்நகரத் தொழில் வரலாற்றில் முதன்மையாகப் போற்றத்தக்கது. பாந்திராவிலிருந்த இறைச்சிக்கூடம் 1971இல் செம்பூரை அடுத்த தேவனாருக்கு மாறியதும், பின்னர் வந்த சுற்றுச்சூழல் கட்டுப்பாடுகளும் தாராவியின் பதனிடும் தொழிலைத் தளரச் செய்தன. இன்று அங்கு பெரும்பாலும் பிற ஊர்களில் பதனிட்ட தோலைக் கொண்டு பைகளும் இடைவார்களும் தைக்கப்படுகின்றன.