இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரை

கர்ப்பகால இரத்தசோகையைத் தடுக்க அரசு மருத்துவ நிலையங்கள் இலவசமாக வழங்கும் ஊட்டச்சத்து மருந்து; வழக்கில் சத்து மாத்திரை. இந்தியாவில் 1970இல் தொடங்கிய இரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தால் பரவியது. 2018 முதல் நடைமுறையிலுள்ள தேசிய நெறிப்படி ஒரு மாத்திரையில் 60 மி.கி. இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உண்டு. நான்காம் மாதம் முதல் 180 நாள், பேற்றுக்குப்பின் 180 நாள், தினம் ஒன்று. தமிழகமெங்கும் சுகாதாரச் செவிலியர் வழி கிடைக்கிறது. தமிழக அரசின் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்ட ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் இரும்புச்சத்து டானிக்கும் உண்டு. இரத்தசோகை குறைப்பிரசவம், குழந்தையின் பிறப்பு எடைக் குறைவு ஆகியவற்றின் இடரைக் கூட்டும். பச்சிளங்குழந்தை இறப்பில் இவற்றின் பங்கு பெரிது. கருவின் நரம்புக்குழாய் முதல் நான்கு வாரங்களில் மூடிவிடுவதால், அதன் குறைபாட்டைத் தடுக்க ஃபோலிக் அமிலத்தைக் கருவுறுமுன்பே தொடங்குவதே பயன்தரும். தேநீரும் கால்சியம் மாத்திரையும் இரும்பு உட்கிரகிப்பைக் குறைக்கும். மலம் கறுப்பது இயல்பு; அதற்கு அஞ்சி மாத்திரையை நிறுத்த வேண்டியதில்லை.