இரண்டாம் அணிக்கு யாருடைய இடம்? கல்கத்தாவிலிருந்து நிந்தவூர் வரை ஒரு லீக் வரலாறு

1924இல் கல்கத்தா உதைபந்தாட்ட லீக்கின் இரண்டாம் பிரிவு முடிந்தபோது, புள்ளிப் பட்டியலில் ஈஸ்ட் பெங்கால் கழகத்துக்கு மேலே கமெரோன் ஹைலண்டர்ஸ் என்ற பிரித்தானியப் படையணியின் ‘பி’ அணி நின்றது. அந்தப் படையணியின் ‘ஏ’ அணி முதற்பிரிவில் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்ததால் ‘பி’ அணி மேலே ஏற வழியில்லை. தொடங்கி நான்கே வருடமான ஈஸ்ட் பெங்காலுக்கு அந்த வாய்ப்பு வந்தது. வந்த வாய்ப்பை வேறொரு விதி மறித்தது. முதற்பிரிவில் இரண்டு இந்தியக் கழகங்களுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது அன்றைய சட்டம். மோகன் பகானும் ஆரியனும் அந்த இரண்டு இடங்களையும் பிடித்திருந்தன. அந்தச் சட்டம் நீக்கப்பட்ட பிறகே 1925இல் ஈஸ்ட் பெங்கால் முதற்பிரிவில் கால் வைத்தது.

பெரிய கழகங்கள் தங்கள் இரண்டாம் அணியைக் கீழ்நிலை லீக்குகளில் இறக்கலாமா என்ற விவாதத்தை ஸ்பெயினுக்கும் ஜேர்மனிக்கும் உரியதாகவே நாம் பார்த்துப் பழகியிருக்கிறோம். நூறு வருடத்துக்கு முன்பே தெற்காசியாவில் அது நடந்து முடிந்திருக்கிறது. அப்போதே கேள்வி தெளிவாக இருந்தது: கீழ்ப்பிரிவில் உள்ள ஒவ்வோர் இடமும் ஒரு படி. ஏறப்போகிறவனுக்கு உரிய படியில் ஏற முடியாதவன் நின்றால், அவனுக்குப் பின்னால் வரிசையில் நிற்பவனின் கதி என்ன? ஹைலண்டர்ஸ் அணிக்கு ஏற வழியில்லாததாலும் அந்தச் சட்டம் நீக்கப்பட்டதாலும் ஈஸ்ட் பெங்கால் பிழைத்தது. எல்லா லீக்கிலும் அப்படி நடக்கவில்லை.

ஸ்பெயினின் வழி

இந்த முறை ஆழமாக வேரோடிய நாடு ஸ்பெயின். அங்கே ரியல் மட்ரிட்டின் இரண்டாம் அணியான காஸ்டியாவின் பிறப்பைப் பலர் கவனிப்பதில்லை. 1930இல் பிளஸ் அல்ட்ரா என்ற பெயரில் தொடங்கிய ஒரு தனிக்கழகம், பின்னர் ரியல் மட்ரிட்டின் இணைக்கழகமாகி, 1972இல் பெயரே இல்லாமல் போனது. அதன் இடத்தில்தான் காஸ்டியா வந்தது. சிறிய கழகத்துக்குப் பெரிய கழகம் கை கொடுப்பதில் உள்ள ஆபத்துக்கு இதைவிட நேரான சான்று எனக்குத் தெரியவில்லை.

காஸ்டியா 1980இல் முதற்பிரிவுக் கழகங்கள் நான்கை வரிசையாக வீழ்த்தி அரசர் கிண்ண இறுதிப்போட்டிக்கு வந்தது. எதிரணி ரியல் மட்ரிட். ஜூன் 4ஆம் திகதி, ரியலின் சொந்த மைதானத்தில், தாய்க்கழகம் 6–1 என வென்றது. லீக் பட்டமும் ரியலிடமே இருந்ததால் கிண்ண வெற்றியாளர்களுக்கான ஐரோப்பியத் தொடருக்குக் காஸ்டியா போய், வெஸ்ட் ஹாமிடம் தோற்றுத் திரும்பியது. ஒரே கழகம் இறுதிப்போட்டியின் இரு பக்கத்திலும் நிற்பது போட்டியா, பயிற்சியாட்டமா? 1984இல் காஸ்டியா இரண்டாம் பிரிவின் சம்பியனானது. ஆனால் தாய்க்கழகம் இருக்கும் பிரிவுக்குள் அதற்கு அனுமதி இல்லை. 1990களின் தொடக்கத்தில் இரண்டாம் அணிகளுக்குக் கிண்ணப் போட்டியின் கதவும் மூடப்பட்டது.

ஜேர்மனியிலும் ஏறக்குறைய இதே கதை. 1993இல் ஹெர்த்தா பெர்லினின் இரண்டாம் அணி தேசியக் கிண்ண இறுதியில் லெவர்குசனிடம் 1–0 எனத் தோற்றது. 2008 முதல் அத்தகைய அணிகளுக்கு அந்தக் கிண்ணத்தில் இடமில்லை. நெதர்லாந்து 2013இல் இரண்டாம் அணிகளை நேராக இரண்டாம் பிரிவிலேயே சேர்த்தது. 2018இல் இளைய அயாக்ஸ் அந்தப் பிரிவின் சம்பியனாகிக் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு அங்கேயே நிற்க, இரண்டாமிடம் பெற்ற ஃபொர்ட்டூனா சிட்டார்ட் மேலே போனது. 2020இல் பயர்ன் மியூனிக்கின் இரண்டாம் அணி மூன்றாம் லீக்கை வென்றது. ஏற முடியவில்லை. அடுத்த பருவத்திலேயே தரமிறங்கியது.

ஆதரவாளர்களின் வாதத்தையும் எடைபோட வேண்டும். 2007இல் நான்காம் நிலைக்கு விழுந்திருந்த பார்சிலோனா ‘பி’ அணியைக் குவார்டியோலா பொறுப்பேற்று, சிற்றூர்க் கழகங்களோடு மோதவைத்து ஒரே பருவத்தில் மேலே கொண்டுவந்தார். அந்த அணியில் ஆடிய புஸ்கெட்ஸும் பெட்ரோவும் 2010 உலகக் கிண்ண இறுதிப்போட்டியின் ஆரம்ப அணியில் இறங்கினார்கள். பதினெட்டு வயதுக்காரனுக்குப் பயிற்சி மைதானத்தில் கிடைக்காத ஒன்று, வேலை முடித்துவந்து முரட்டுத்தனமாக ஆடும் வளர்ந்த ஆட்களோடு மோதும்போது கிடைக்கிறது. இதை மறுக்க முடியாது. ஆனால் 2014இல் ஜேர்மனி இரண்டாம் அணி கட்டாயம் என்ற விதியைத் தளர்த்தியதுமே பிராங்க்பர்ட்டும் லெவர்குசனும் தங்கள் இரண்டாம் அணிகளைக் கலைத்துவிட்டன. செலவுக்கணக்கில் ஒரு வரியை அடித்தால் இரண்டாம் அணி இல்லாமல் போகும். ஓர் ஊரின் கழகத்தை அப்படிக் கலைத்துவிட முடியாது. கலைத்தால் வீட்டுக்கு வீடு சண்டை வரும்.

இங்கிலாந்தில் 2014இல் இரண்டாம் அணிகளைக் கொண்ட புதிய பிரிவொன்று முன்மொழியப்பட்டு எதிர்ப்பில் கரைந்தது. 2016 முதல் கீழ்நிலைக் கழகங்களின் கிண்ணத்தில் பெரிய கழகங்களின் இளையோர் அணிகள் சேர்க்கப்பட, பல ஊர்களில் இரசிகர்கள் போட்டிகளைப் புறக்கணித்தார்கள்.

இந்தியாவில் ஒரு பரிசோதனை

நம் பக்கத்துக்கு மிக நெருங்கிய பாடம் இந்தியாவின் ஐ-லீக் இரண்டாம் பிரிவு. 2017–18 பருவத்தில் இந்தியன் சுப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) கழகங்களின் இரண்டாம் அணிகள் அதில் இறக்கப்பட்டன. சென்னையின் எஃப்.சி., கேரளா பிளாஸ்டர்ஸ், பெங்களூரு, கோவா, ஜம்ஷெட்பூர் என்று பெயர்பெற்ற சட்டைகள். தரமுயர்வு அவற்றுக்குக் கிடையாது. கணக்கைப் பாருங்கள்: ஒரு குழுவில் உள்ள ஊர்க்கழகம் ஏற முடியாத அணியிடம் மூன்று புள்ளிகளை இழக்கலாம், அந்த இழப்பு அதன் ஏற்றத்தைத் தடுக்கும், வென்ற அணிக்கோ அந்தப் புள்ளிகளால் ஒரு பயனும் இல்லை. இன்று மூத்த ஆட்டக்காரர்கள் இருவர் காயத்திலிருந்து மீண்டு இரண்டாம் அணியில் இறங்கலாம். அடுத்த வாரம் அவர்கள் இருக்க மாட்டார்கள். யாரோடு எந்த வாரம் மோதினோம் என்பதே தலைவிதியாகிவிடும்.

அந்தப் பருவத்தை ரியல் காஷ்மீர் வென்றது. 2018 மே 30 அன்று பெங்களூரில் ஹிந்துஸ்தான் கழகத்தை 3–2 எனத் தோற்கடித்து மேலே போய், முதல் ஐ-லீக் பருவத்திலேயே மூன்றாமிடம் பிடித்தது. ஸ்ரீநகரில் 2014 வெள்ளத்துக்குப் பிறகு இளைஞர்களுக்காகத் தொடங்கப்பட்ட கழகம் அது. இரண்டாம் பிரிவு யாருக்காக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு அதைக் காட்டினால் போதும்.

2020இல் பெருந்தொற்றுக்கு நடுவே நடந்த தகுதிச்சுற்றில் இரண்டாம் அணிகள் இருக்கவில்லை. வென்றது மொஹமடன் ஸ்போர்ட்டிங். 1934இல் கீழ்ப்பிரிவிலிருந்து ஏறிவந்த முதல் வருடத்திலேயே கல்கத்தா முதற்பிரிவு லீக்கை வென்ற முதல் இந்தியக் கழகமாகி, தொடர்ந்து ஐந்து வருடம் அந்தப் பட்டத்தைக் கையில் வைத்திருந்த அதே கழகம். 2024இல் ஐ-லீக்கையும் வென்று ஐ.எஸ்.எல். வரை ஏறிவிட்டது. பெரிய கழகங்களின் இளையோருக்கோ 2022இல் கோவாவில் தனி வளர்ச்சி லீக் ஒன்று தொடங்கப்பட்டு, பெங்களூரு அதன் முதல் சம்பியனானது. இரண்டு தேவைகளையும் இரண்டு பாத்திரத்தில் வைத்ததே இந்தியா கற்ற பாடம் என்பது என் வாசிப்பு.

கிழக்குக் கரையிலிருந்து பார்த்தால்

காரைதீவுக்கும் ஒலுவிலுக்கும் இடையில் உள்ள நிந்தவூரிலிருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். கல்முனை சந்தாங்கேணி மைதானத்தில் ஒரு நல்ல சுற்றுப்போட்டி நடந்தால் பக்கத்து ஊர்களெல்லாம் அங்கே கூடும். ஆனால் அந்த ஆட்டத்திலிருந்து தேசிய மட்டத்துக்கு இட்டுச்செல்லும் பாதை மாவட்ட லீக்கும் கீழ்ப்பிரிவுகளும் மட்டுமே.

2021 ஏப்ரலில் தொடங்கிய இலங்கை சுப்பர் லீக்கின் பத்துக் கழகங்களைப் பார்த்தால் அந்தப் பாதை எவ்வளவு ஒடுங்கியது என்று விளங்கும். கொழும்பு எஃப்.சி., ரினோன், ரட்ணம், களுத்துறையின் புளூ ஸ்டார், பேருவளையின் ரெட் ஸ்டார்ஸ், வென்னப்புவையின் நியூ யங்ஸ், நாவலப்பிட்டியின் அப்கன்ட்ரி லயன்ஸ். இவற்றோடு இராணுவத்தின் டிஃபென்டர்ஸ், விமானப்படையின் புளூ ஈகிள்ஸ், கடற்படையின் சீ ஹோக்ஸ். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ஒரு கழகம்கூட இல்லை. பத்தில் மூன்று இடம் முப்படைகளுக்கு. அவை ஒன்றின் இரண்டாம் அணி மற்றொன்று அல்ல என்பது சரி. ஆட்டக்காரனுக்கு மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் கொடுப்பவை என்பதும் சரி. ஆயினும் ஒரே அரசின் மூன்று கைகள் ஒரே மேசையில் அமர்ந்திருக்கும்போது, கல்கத்தாவின் படையணிகள் ஞாபகத்துக்கு வராமல் போகாது.

இந்த நிலையில் கொழும்பின் பெரிய கழகமொன்று தன் ‘பி’ அணியை இரண்டாம் நிலையில் இறக்க அனுமதி கேட்டால், இடம் பறிபோகப்போவது பெரும்பாலும் ரினோனுக்கோ ரட்ணத்துக்கோ இல்லை. கடைசியாக ஏறிவரக்கூடிய நிந்தவூரோ மருதமுனையோ, மட்டக்களப்போ மன்னாரோதான் வெளியே நிற்கும். இளையோருக்கு ஆட்டம் தேவை என்பது உண்மையானால், அதற்கு வேறு வழி உண்டு. அல்-அஷ்ரக் போன்ற பாடசாலைகளிலிருந்து வெளிவரும் பையன்களைக் கொழும்புக் கழகங்கள் ஒப்பந்தம் செய்து, ஒரு பருவம் கிழக்கின் கழகத்திலேயே ஆடவிடலாம். பயிற்றுவிப்பாளரை அனுப்பலாம். பிளஸ் அல்ட்ராவுக்கு நேர்ந்தது நேராதிருக்க, ஊர்க்கழகத்தின் பெயரும் நிறமும் பதிவும் ஊரின் கையிலேயே இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்வது நல்லது.

அதற்கும் மேலே இரண்டாம் அணிகள் வந்தே தீர வேண்டுமானால், அவை ஏற்கெனவே உள்ள இடங்களை எடுக்காமல் கூடுதல் இடங்களில் வரட்டும். மேலேறும் கணக்கில் அவற்றோடு ஆடிய ஆட்டங்களின் புள்ளிகள் சேராமல் இருக்கட்டும். இந்த விதிகளை எழுத வேண்டிய இடம் இலங்கை உதைபந்தாட்ட சம்மேளனத்தின் பொதுக்கூட்டம். அங்கே மாவட்ட லீக்குகளுக்கு வாக்கு உண்டு. நிர்வாகத் தேர்தல் வரும்போது கொழும்பிலிருந்து தொலைபேசி அழைப்புகள் வருவதும் அந்த வாக்குக்காகத்தான். அழைப்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்த விதியைப் பற்றி.