சென்னைக்கு வான்தபால் கொணர்ந்த நெவில் வின்சென்ட்

நம் கோபிசெட்டிபாளையத்தை அடுத்த பாரியூரில் கொண்டத்துக் காளியம்மன் திருத்தேர் ஓடும் நாளில் வடம் பிடிப்போர் பலர். அவரைக் கண்டு மகிழ்வோரும் பலர். சக்கரத்தின் அருகே குனிந்து, முட்டுக்கட்டையிட்டுத் தேரை நேர்வழியிற் செலுத்துவோரோ ஒரு சிலரே. அவர் கை ஒரு கணம் தவறினும் தேர் நிலை சேராது. ஆயினும், தேர் நிலை சேர்ந்தபின் அவர் பெயரை வினவுவார் இலர். பெருஞ்செயல் ஒவ்வொன்றிலும் இத்தகையோர் உளர். அவருள் ஒருவருடைய வரலாற்றை நம் சங்கத்து அன்பர்களுக்கும் அவர்தம் மக்களுக்கும் ஈண்டு எடுத்துரைக்க விழைகின்றேன்.

இந்திய நாட்டில் ஆகாய விமானப் போக்குவரத்தைத் தொடங்கியவர் யாவர் என வினவின், நம் பள்ளிச் சிறுவனும் டாட்டா என்று விடை பகர்வான். அவ்விடை தவறன்று, ஆனால் நிறைவுடையதும் அன்று. ஜே. ஆர். டி. டாட்டா அவர்களோடு தோளொத்து நின்று அத்தொழிலுக்கு வித்திட்டவர் நெவில் வின்சென்ட் என்பவர். 1902-ஆம் ஆண்டிற் பிறந்த இவர் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்தவர். இளமையிலேயே பிரிட்டிஷ் ஆகாயப் படையிற் சேர்ந்து, ஈராக் நாட்டிற் போர்த்தொழில் புரிந்து, டிஸ்டிங்விஷ்டு ஃபிளையிங் கிராஸ் என்னும் வீரப்பதக்கம் பெற்றார். முதல் உலகப்போருக்குப் பின் அந்நாட்டில் எழுந்த கிளர்ச்சிகளை அடக்குதற்கு ஆங்கில அரசினர் விமானப் படையையே பெரிதும் ஏவினர். குண்டு வீசுதற்கென ஒருவர் கற்ற கலை, பின்னாளிற் கடிதம் சுமக்கும் கலையாக மாறிய விந்தையை இவர் வாழ்க்கையிற் காண்கின்றோம்.

படையினின்றும் விலகிய வின்சென்ட், நண்பர் ஒருவருடன் பழைய போர் விமானங்கள் இரண்டைக் கொண்டு இந்தியா போந்தார். ஊர்தோறும் சென்று, கட்டணம் பெற்று, மக்களை வானில் ஏற்றிச் சுற்றிக் காட்டுதலே அப்பொழுது அவர் பிழைப்பு. பிழைப்புக்காகத் திரிந்தாரேனும் அவர் கண்கள் வாளா இருந்தில. இந்நாட்டின் நிலப்பரப்பையும் காற்றின் இயல்பையும் விமானம் இறங்குதற்குரிய வெளிகளையும் அவர் ஊன்றி நோக்கினார்.

1929-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் இம்பீரியல் ஏர்வேஸ் என்னும் ஆங்கிலக் கம்பெனி லண்டனுக்கும் கராச்சிக்கும் இடையே விமானத் தபாலைத் தொடங்கிற்று. கராச்சி வரை பறந்து வந்த கடிதம் அப்பால் ரயிலேறித் தென்னாட்டுக்கு மெல்ல வந்தது. இக்குறையைக் களைதற்குக் கராச்சியினின்றும் பம்பாய் வழியாகச் சென்னைக்கு விமானம் விடலாம் என வின்சென்ட் ஒரு திட்டம் வகுத்தார். பொருள் இல்லாத அவர், அவ்வாண்டிலேயே இந்தியாவில் முதன்முதல் விமானி உரிமம் பெற்றிருந்த இளைஞர் ஜே. ஆர். டி. டாட்டாவை அணுகினார். திட்டம் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. குடும்பத் தலைவர் சர் தோராப்ஜி டாட்டா முதலில் தயங்கினார். பீட்டர்சன் என்னும் அதிகாரி எடுத்துரைத்தபின் இரண்டு லட்ச ரூபாய் முதலிட இசைந்தார்.

ஆயினும், அரசாங்கத்தின் இசைவு எளிதிற் கிட்டவில்லை. மூன்று ஆண்டுகள் விண்ணப்பங்கள் போவதும் மறுப்புகள் வருவதுமாகக் கழிந்தன. மானியம் வேண்டா எனக் கூறிய பின்னரே, 1932-ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் ஒப்பந்தம் நிறைவேறிற்று.

அவ்வாண்டு அக்டோபர் 15-ஆம் நாள் காலை, பஸ் மாத் என்னும் ஒற்றை எஞ்சின் விமானத்திற் கராச்சியினின்றும் டாட்டா புறப்பட்டார். இடையே அகமதாபாத்தில் எண்ணெய் நிரப்ப இறங்கினார். அங்கே பெட்ரோல் தகரங்கள் மாட்டு வண்டியில் வந்து சேர்ந்தன. வானிற் பறக்கும் ஊர்திக்கு நிலத்திற் செல்லும் எருது உணவு சுமந்த காட்சியை நம் கொங்கு நாட்டு உழவர் கேட்பின் முறுவலிப்பர்! பிற்பகலிற் பம்பாயின் ஜுஹூ மைதானத்தில் விமானம் இறங்கிற்று. அங்குக் காத்திருந்த வின்சென்ட், சென்னைக்குரிய தபாலைத் தம் விமானத்தில் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பல்லாரியில் இரவு தங்கி மறுநாட் சென்னை சேர்ந்தார். இவ்வாறு, தமிழ்நாட்டுக்கு அத்தபாலை முதலிற் கொணர்ந்த கை வின்சென்டின் கையே.

அக்காலத்து விமானிக்கு வழிகாட்டும் ரேடியோ இல்லை. மழைக்காலத்தில் மேலைமலைத் தொடரை மேகம் மூடும். ஜுஹூ மைதானமோ நீரில் ஆழும். அக்காலங்களில் விமானங்கள் பூனாவுக்குச் சென்று அங்கிருந்து பறந்தன. அத்தனை இடர்க்கிடையிலும் முதலாண்டிற் குறித்த காலம் தவறாது தபால் சென்றதென அரசாங்கத்தாரே பாராட்டினர். வின்சென்ட் தலைமை விமானியாயும் மேலாளராயும் இருந்து, புதிய வழிகளை ஆராய்ந்து, தொழிலை வளர்த்தார். 1935-ஆம் ஆண்டிற் பம்பாயினின்றும் திருவனந்தபுரத்துக்கு விமானம் சென்றது. 1938-இல் அஞ்சல் வழி கொழும்பு வரை நீண்டது.

பின்னர் இரண்டாம் உலகப்போர் மூண்டது. இந்தியாவிலேயே விமானம் செய்யும் தொழிற்சாலை நிறுவும் முயற்சியின் பொருட்டு வின்சென்ட் இங்கிலாந்து சென்றார். 1942-ஆம் ஆண்டு ஜனவரியில் ஹட்சன் என்னும் போர் விமானம் ஒன்றில் இடம் பெற்று இந்தியா திரும்புகையில், பிரெஞ்சுக் கரைக்கு அப்பால் அவ்விமானம் அழிந்தது. நாற்பதாண்டு நிரம்பு முன்னரே அவர் மறைந்தார்.

அவர் இட்ட வித்து 1946-இல் ஏர் இந்தியா எனப் பெயர் பூண்டது, 1953-இல் நாட்டுடைமையாயிற்று, 2022-ஆம் ஆண்டு ஜனவரியில் மீண்டும் டாட்டா நிறுவனத்தைச் சேர்ந்தது. டாட்டாவின் பெயரை உலகம் அறியும். ஆயினும் பெருமகனாராகிய அவர், முதற்கண் அத்திட்டத்தை வகுத்தவர் வின்சென்டே என மறையாது கூறி வந்தார். தம் 78-ஆம் வயதில், 1982-ஆம் ஆண்டு, அம்முதற் பயணத்தை மீண்டும் பறந்து காட்டிய அவர் உள்ளத்தில் அந்நண்பர் இருந்திருப்பார் என்றே எண்ணுகின்றேன்.

நிற்க. இவ்வயலாரின் கதை நமக்கெதற்கு எனச் சிலர் கருதலாம். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊரில் மாணவர் விடுதி ஒன்றின் திறப்பு விழா நிகழ்ந்தது. வாயிற் கல்லிற் பொருள் ஈந்தோர் பெயரும், விழாவுக்கு எழுந்தருளிய பெரியோர் பெயரும் அழகுறப் பொறிக்கப்பட்டிருந்தன. அவ்விடுதி வேண்டும் என முதலில் நினைந்து, ஊர் ஊராய் நடந்து நெல்லும் பணமும் திரட்டி, சுவர் எழும் நாளெல்லாம் வெயிலில் நின்ற முதியவர் பந்தலின் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். கல்லில் அவர் பெயர் இல்லை. அக்கல்லின் வாசகத்தை எழுதிக் கொடுத்தவன் யானே. பண்டிதன் எனப் பெயர் படைத்த என் எழுத்தில் அவருக்கு ஒரு வரி இடம் இல்லாது போயிற்று. அவர் யாதும் கூறாது உண்டு எழுந்து சென்றார். அடுத்த ஆண்டு அவர் காலமானார் எனக் கேட்டபோது யான் எய்திய நாணம் இன்றும் நீங்கிலது.

பொருள் தந்தோரைப் போற்றுதல் முறையே. அவரின்றி எதுவும் நடவாது. எனினும், பொருள் வந்து சேருமுன்பே ஒரு நினைவு தோன்றவேண்டும். வந்து சேர்ந்தபின்னும் ஒருவர் நின்று உழைக்கவேண்டும். கோடிப் பொருளுடைய டாட்டா தம் நண்பரை மறவாது கூறினார் எனின், நாம் நம் உறவினரை மறத்தல் தகுமோ?

இன்று நம் இளைஞர் பீளமேட்டில் விமானம் ஏறி அயல்நாடு செல்கின்றனர். அவருக்கு வின்சென்டின் பெயரைச் சொல்லுங்கள். அவ்வாறே தத்தம் ஊரிற் பள்ளிக்கும் கோயிலுக்கும் குளத்துக்கும் உழைத்துப் பெயர் மறைந்தோரை முதியோர்பாற் கேட்டறிந்து எழுதி வையுங்கள். இனி நம் சங்கத்தார் நாட்டும் அடுத்த கல்லில் அத்தகையோர்க்கு ஒரு வரி இடம் விடுமாறு அன்புடன் வேண்டிக்கொள்கின்றேன். அக்கல்லின் வாசகத்தை எழுதும் பணி மீண்டும் எனக்கு வாய்க்குமாயின், அவ்வரியையே முதலில் எழுதுவேன்.